ஏரிக்குக் கொண்டுபோன தண்ணீர்

மலைப் பூங்காவின் அலுவலகத்துக்குப் போன் செய்து, அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். மழையைப் பற்றிக் கேட்கிறீர்களா என்றாள். இல்லையம்மா, குழாய்த் தண்ணீர், காலையில் வருமா சாயங்காலம் வருமா, தினமும் உண்டா இல்லை ஒருநாள் விட்டு ஒருநாளா என்று விளக்கமாகக் கேட்டேன். இது ஏரி மேடம், அது எப்போதும் இங்கேதான் இருக்கும் என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கனடாவில் இந்தக் கால்கரிக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது, இன்னும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி இதுதான் என்பதில் எனக்கே வெட்கம். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையே என்ற கவலையும் பிடித்துக்கொண்டது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊரில் கோடை பிறந்துவிட்டால் ஜனங்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. நன்றாக இருக்கிற வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, ஆர்.வி. என்று ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். கல்யாண வேன் அளவு பெரிதான வண்டிக்குள் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கக்கூஸ் எல்லாம் இருக்கும். ஒரு ஏரிக்கரையில் போய் அதை நிறுத்தி, நாலு நாள் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, துணி அழுக்காகித் திரும்பி வருவார்கள். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். இங்கே வந்த புதிதில், வீடு இருக்கிறவர்கள் என்னத்துக்கு இப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்று நான் உண்மையாகவே பரிதாபப்பட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் அந்தக் கஷ்டத்தை நாங்களும் பட வேண்டும் என்று சொன்னது என் மகள் மதி. அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. செப்டம்பரில் நாட்டின் கிழக்குக் கடைசியில், விமானத்தில் அரைநாள் தூரத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். போகிறதுக்கு முன்னால் என்ன வேண்டும் என்று அவள் அப்பா கேட்டார். மலை ஏரிக்கு ஆர்.வி.யில் போக வேண்டும் என்றாள். தாராளமாகப் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுப்படியில் இருந்தபடியே சொன்னேன். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவள் தமிழ் என்னிடம் கற்றது. அதனால் கால்கரியில் பிறந்த பிள்ளை கோவில்பட்டிக்காரி மாதிரிதான் பேசுவாள், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வழுக்கும். "போன தடவையும் நீ வரல. அதுக்கு முந்துன தடவையும் வரல. இந்த வீட்டுல பைப்பைத் தொறந்தா தண்ணி வருதும்மா. நீ யாருக்காகக் காவல் இருக்க?" என்றாள். நான் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன். "மூணு பேரும் போறோம். அங்கன ஏரில நீயும் நானும் சேந்து எறங்கணும். நீ வரலன்னா நானும் போகல" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னதுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் சொன்னது நிஜம்தான். அவளுக்குப் பத்து வயதில் அப்பாவும் மகளும் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். நான் கடைசி நாளில், வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று நின்றுகொண்டேன். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை எனக்கு, லீவெல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பதினாலு வயதில் பனிச்சறுக்குப் பார்க்கப் போனார்கள். அப்போது குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று சொல்லி நின்றுகொண்டேன். வீட்டுக்காரர் முருகேசன் கழுகுமலைக்காரர், பொறுமைசாலி. "ஏட்டி, ஒனக்கு வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. எதுக்கு பைப் மேல பழியப் போடுத?" என்று மட்டும் கேட்டார். இஷ்டம் இல்லாமல் இல்லை. எல்லாரும் சேர்ந்து கிளம்புகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, கதவை இழுத்துப் பூட்டுகிற நிமிஷம், அதை நினைத்தாலே சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு இடத்துக்கும் போனதே கிடையாது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போனது கிடையாது. தண்ணீர் எட்டு நாளில் வரும், பத்து நாளில் வரும், பன்னிரண்டும் ஆகும். வருகிற நாளும் தெரியாது, நேரமும் தெரியாது. வந்தால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த பத்து நாளைக்கு அந்த வீடு அடுத்த வீட்டு வாசலில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். அதனால் கல்யாண வீடோ, சாவு விழுந்த துஷ்டி வீடோ, வீட்டுக்கு ஒரு ஆள் தங்க வேண்டும். அதற்குத் தண்ணிக்கு நிக்கது என்று பெயர். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, அம்மா ஊர்ப் பயணத்தை விடமாட்டாள், தம்பிகள் இரண்டு பேரும் சின்னவர்கள். மூத்தவள் நான். விவரம் தெரிந்ததிலிருந்து தண்ணிக்கு நின்றது நான்தான்.

எனக்குப் பதின்மூன்று வயதில், ஆனியில் சாரல் கட்டியிருக்கிறது என்று தெருவே சேர்ந்து வேன் பிடித்துக் குற்றாலம் போனது. கரிசல் காட்டில் பிறந்த பிள்ளைக்கு அருவி என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மேலேயிருந்து தண்ணீர் சும்மா கொட்டுமாம், யாரும் பிடிக்க மாட்டார்களாம். நான் இரண்டு நாளாக அதே நினைப்பில் இருந்தேன். தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேன் கிளம்புகிற காலையில் அம்மா என் தலையைத் தடவி, அடுத்த வருஷம் நீ போகலாம், தம்பி நிப்பான் என்றாள். நான் வாசல்படியில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. பொழுது சாய்ந்து எல்லாரும் ஈரத்தலையோடு வந்து இறங்கினார்கள். அம்மா எனக்காக ஒரு பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். தலையில் ஊற்றிக்கோ என்றாள். நான் ஊற்றிக்கொள்ளவில்லை. அதைக் கொண்டுபோய்க் குடிதண்ணீர்ப் பானையில் சேர்த்துவிட்டேன். அடுத்த வருஷமும் தம்பி நிற்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் பாவம் பார்ப்பாள், அது எனக்குப் பிடிக்காது. சரி, வாரேன் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

திட்டம் போடும் வேலை சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் நடந்தது. முருகேசன் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறவர், அதனால் வண்டி ஓட்டுவது அவருக்குப் பயமில்லை. பட்டியல் எழுதுவது மதி. பயப்படுவது நான். அந்தப் பொறுப்பை நான் குறைவில்லாமல் செய்தேன். கரடி வந்தால் என்ன செய்வது? வெளியில் ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது என்று விதி இருக்கிறது, அப்படியானால் நம்முடைய புளிக்குழம்பு வாசத்துக்குக் கரடி வராதா? எரிவாயு உருளை தலைமாட்டில் இருக்குமே, தீப்பெட்டி ஊர்க்காரிக்குத் தூக்கம் வருமா? கக்கூஸ் தொட்டியை நாமே குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டுமாமே, அது யார் வேலை? கடைசிக் கேள்விக்கு முருகேசன் நான் செய்கிறேன் என்று உடனே கையைத் தூக்கினார். ஊரில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மனுஷர். கரடி என்றவுடன் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உண்மையில் பயந்த விஷயத்தை மட்டும் மேசையில் வைக்கவில்லை.

பூங்காவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நாங்கள் பிடித்த இடத்தில் தண்ணீர் இணைப்பு கிடையாது. கொஞ்ச தூரத்தில் பொதுக்குழாய் உண்டு. பராமரிப்புக்காகச் சில சமயம் அது மூடப்படலாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். நாலே வரி. மதி அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் அந்த நாலு வரியைப் பத்து தடவை வாசித்தேன். சில சமயம் என்றால் எந்தச் சமயம்? மூடினால் எத்தனை நாள்? பொதுக்குழாயில் எத்தனை வண்டிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்? அதனால்தான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் ஏரியைக் காட்டினாள்.

வண்டி வாடகைக்குக் கொடுத்த இடத்தில் ஓர் இளைஞன் எல்லாவற்றையும் திறந்து காட்டினான். நல்ல தண்ணீர்த் தொட்டி இது, கால்வாசி நிரப்பினால் போதும், மலை ஏறும்போது கனம் கூடாது, மீதியை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றான். அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பி நாங்கள் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அங்கே குழாய் மூடியிருந்தால் என்று கேட்டேன். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டால் தருவார்கள் என்று சிரித்தான். அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவதை இவ்வளவு லேசாகச் சொல்கிற ஊரில் பிறக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு குடம் கடன் கேட்டதற்காக இரண்டு வீடு எட்டு வருஷம் பேசாமல் இருந்தது.

கிளம்புகிற வாரத்தில் அம்மாவிடம் சொன்னேன். இப்போது ஊரில் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது, தரைக்கடியில் தொட்டியும் கட்டியாயிற்று, தண்ணீர் வருவது மட்டும் இன்னும் அதே பத்து நாள் கணக்குத்தான். ஆனாலும் அம்மா குடங்களை நிரப்பாமல் விடமாட்டாள். தொட்டித் தண்ணீர் தொட்டிக்குத்தான், குடத்துத் தண்ணீர்தான் மனுஷனுக்கு என்பாள். கனடாவுக்கு வா என்று பத்து வருஷமாகக் கூப்பிடுகிறேன், தண்ணி யாரு பிடிப்பா என்று ஒரே பதில். மூன்று பேரும் மலைக்குப் போகிறோம் என்றதும் அவள் கேட்டது இதுதான்: "எல்லாரும் போயிட்டா வீட்டுல யாரு நிப்பா?" இங்கே அதெல்லாம் தேவையில்லை என்றேன். "என்னமோம்மா, பாத்துப் போங்க. தண்ணி கொண்டுட்டுப் போங்க" என்று வைத்துவிட்டாள்.

தண்ணி கொண்டுட்டுப் போங்க. அவ்வளவுதான், எனக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் முருகேசன் பகல் வேலைக்குப் போயிருந்தார், மதி தோழிகளைப் பார்க்கப் போயிருந்தாள். வண்டி வீட்டு வாசலில் நின்றது. கடைக்குப் போய் இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன் பதினாலு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாக நிரப்பி, வண்டியின் பின்கட்டில் படுக்கைக்கு அடியில் இருக்கிற அறையில் அடுக்கினேன். இடம் போதாமல் நாலு கேன் குளிக்கிற அறைக்குள் போய், அதன் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். பிறகு தொட்டியையும் வழிய வழிய நிரப்பினேன். தண்ணீர் கனம் என்று என் இடுப்புக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் பெட்டி, கட்டில் மாதிரி அதையும் வண்டிக்குப் பாரம் என்று என் மனசு சேர்க்கவே இல்லை. வேலை முடிந்ததும் மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கதவைப் பூட்டியதும் நான்தான். மெயின் வால்வை அடைத்து, அடைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்து, மூன்றாவது தடவை போகும்போது மதி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சாவியைத் திருப்பினேன். வண்டியில் ஏறியதும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடிக்கிற மாதிரி என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண், எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்றேன்.

நகரத்தைத் தாண்டியதும் முருகேசன் முகம் சரியில்லை. வண்டி பின்னாலே அமுங்கி ஓடுகிற மாதிரி இருக்கிறது, ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை என்றார். பெரிய வண்டி, புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். பேருந்து ஓட்டுகிற மனுஷருக்கு நான் பாடம் சொன்னேன் பாருங்கள். மலை ஏற்றம் தொடங்கியதும் வண்டி முனகியது. பின்னால் கார்கள் வரிசை கட்டின. சூட்டு முள் மேலே ஏறியது. எஞ்சின் சூடு தணிய முருகேசன் ஹீட்டரைப் போடச் சொன்னார், ஜூலை மாதத்தில் ஹீட்டர் ஓட, கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு வேர்த்து வழிந்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கொட்டச் சொல்வார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தது. ஏற்றமே தேவலை என்று ஆகிவிட்டது. பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி கேட்கவில்லை. ஒரு வளைவில் பின்பக்கம் தனியாக ஒரு ஆட்டம் ஆடியது. அலமாரி திறந்து தட்டெல்லாம் கீழே விழுந்தது. மதி "அப்பா!" என்றாள். முருகேசன் கியரைக் குறைத்துக் குறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சாலையோரம் லாரிகள் நிறுத்துகிற இடத்தில் எப்படியோ கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கியபோது சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை வந்தது.

அங்கே நின்ற ஒரு லாரியிலிருந்து வயதான ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்தார். வாடையை வைத்தே பிரேக் என்று சொல்லிவிட்டார். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். முருகேசன், ஒன்றுமில்லை, சாப்பாட்டுச் சாமானும் துணியும்தான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். எங்கே போகிறீர்கள் என்றார். ஏரிக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, எங்கே போகிறீர்கள் என்று இன்னொரு தடவை கேட்டார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். பிறகு அவர், கொட்டிவிடுங்கள், பிரேக் ஆற ஒரு மணி நேரம் கொடுங்கள், கீழே இன்னும் செங்குத்தான இறக்கம் இருக்கிறது, இந்தக் கனத்தோடு போனால் பிழைக்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

முருகேசன் பின்கதவைத் திறந்தார். மதி படுக்கைப் பலகையைத் தூக்கினாள். வரிசையாக நீலக் கேன்கள். அவள் எண்ணவில்லை, திட்டவும் இல்லை. "நீ வந்துட்டன்னு நெனச்சேன்மா. நீ இன்னும் வீட்டுலதான் நிக்க" என்றாள். அதைவிட அவள் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். பிள்ளையோடு போக வேண்டும் என்று கிளம்பி, பிள்ளையையே மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் என்னை நானே வெறுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

முருகேசன் ஒரு கேனை இழுத்து மூடியைத் திருகப் போனார். நான் தடுத்தேன். நான் கொண்டுவந்தது, நானே கொட்டுகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கை வரவில்லை. நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டி எனக்குப் பழக்கமில்லை. அரிசி களைந்தது மாட்டுக்கு, முகம் கழுவியது செடிக்கு, துணி அலசியது கக்கூஸுக்கு என்று வளர்ந்தவள். முதலில் லாரிக்காரரிடம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சைக்கிளில் வந்த ஒருவன் நின்று ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டான், அவனுக்கு இன்னொரு பாட்டிலும் நிரப்பிக் கொடுத்தேன். அதற்குமேல் ஆள் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பாறையில் பனி உருகிய தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஓரத்தில் இளசாக நின்ற ஃபிர் மரங்களைப் பார்த்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு போய் முதல் மரத்தின் மூட்டில் ஊற்றினேன். அந்த மண் ஏற்கெனவே ஈரம், காலை வைத்தால் அமுங்கியது. ஆனாலும் மரத்துக்கு என்றால் கை சம்மதித்தது. இரண்டாவது கேன் அடுத்த மரத்துக்கு. திரும்பி வந்தபோது மதி மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுமாறி வந்துகொண்டிருந்தாள். "எந்த மரத்துக்கும்மா?" என்று கேட்டாள். அந்தச் சின்னதுக்கு என்றேன். பாதிக் கேன்களுக்கு மேல் ஊற்றியபோதுதான், குற்றாலத்துக்குப் போகாத கதையை அவளிடம் சொல்லத் தொடங்கினேன். அவள் பாவம் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் மாமா நின்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். கடைசிக் கேன் ஒன்றை மட்டும் நான் கொட்டவில்லை. முருகேசன் பார்த்தார், ஒரு கேன்தானே என்று விட்டுவிட்டார். தொட்டியை அவர் திறந்துவிட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏரிக்குப் போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது, ஆனால் ஜூலையில் இங்கே அது பட்டப்பகல். பொதுக்குழாய் திறந்துதான் இருந்தது, வரிசையும் இல்லை. ஒரு பையன் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நான் என் ஒற்றைக் கேனை மேசையில் வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தேன். மூன்று பக்கமும் மலை, நடுவில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். கரிசலில் கண்மாய் நிறைந்து பார்த்தது மொத்தமே நாலு தடவைதான் இருக்கும், அப்போதெல்லாம் ஊரே கரைக்கு வந்து நிற்கும். இங்கே எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை, அவரவர் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதி உடை மாற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கினாள். குளிரில் கத்தினாள், சிரித்தாள், திரும்பி என் பக்கம் கையை நீட்டினாள். நான் செருப்பைக் கழற்றினேன். அப்போது இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. அம்மா. ஊரில் காலை ஐந்தரை மணி ஆகியிருக்கும். பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். முடியவில்லை. காதில் வைத்துக்கொண்டே, ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தேன். குளிர் எலும்பில் ஏறியது.

"போய்ச் சேந்துட்டியளா?" என்றாள் அம்மா. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "இங்கன இப்பத்தான் தண்ணி வந்துட்டு. பிடிச்சிட்டே பேசுதேன். பன்னெண்டு நாளாச்சு."

"சேந்துட்டோம்மா."

"வீட்டுல யாரு நிக்கா?"

"யாரும் நிக்கலம்மா. எல்லாரும் வந்துட்டோம்."

போனுக்குள் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. முதலில் அடியில் விழுகிற தடதடப்பு, பிறகு அரைக்குடத்தின் ஆழ்ந்த சத்தம், பிறகு கழுத்துக்கு ஏற ஏற மெலிகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நான் கோடு போட்டுச் சொல்லுவேன். மதி என் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் வரைக்கும் ஏரி வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டின தூரம் வரை தண்ணீர், யாரும் பிடிக்காத தண்ணீர். நான் இன்னும் ஒரு அடி வைத்தேன். குடத்தின் சத்தம் வாய்க்கு ஏறிவிட்டது, இன்னும் ஒரு நொடியில் வழியும்.

"நெறஞ்சிட்டும்மா," என்றேன், "குடத்த மாத்து."